மேற்குப் புறநகர் வழியே – 6: பானைமேல் ஓடும் கோடு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையோரம் வெயில் ஏறுவதற்குள் பானைகள் அடுக்கிவிட்டார்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பானை, குழம்புச் சட்டி, துளசி மாடம். பாதிப் பானைகளில் பெயிண்டில் வரைந்த ரோஜாப்பூ. எனக்கு அது பிடிக்கவில்லை. மண் கசிந்தால்தானே தண்ணீர் குளிரும்? மண்ணின் நுண்துளைகளைப் பெயிண்டால் அடைப்பானேன்?

கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "வாங்குறவங்க பூ கேக்குறாங்க தம்பி. கல்யாணப் பானையப் பாரு" என்று உள்ளிருந்து அரசாணிப் பானை ஒன்றை எடுத்து வந்தார். சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் காவிப் பட்டை, இடையே வளைந்து வளைந்து ஓடித் தொடங்கிய இடத்திலேயே சேரும் கோடு. துணி சுற்றிய குச்சியால் அவரே போட்டது.

ஆவடியில் ரயிலேறித் திருவள்ளூர் போய், பட்டறைப்பெரும்புதூரையும் பார்த்துவிட்டேன். கொசஸ்தலையாற்றங்கரை ஊர். 2015-16இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் வந்தன. உள்ளும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே உடல் சிவப்பு. தூரிகை தொடாத அலங்காரம் அது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டை நெருப்பே போட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட பழைய ஓடுகள் புதுப் பானைக்கு வழிகாட்டியதும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி மக்கள் சக்கரமே இல்லாமல், மண்ணைத் திரித்துச் சுருள் சுருளாக ஏற்றிப் பானை வனைகிறார்கள். யூக்கா இலை நார்தான் தூரிகை. ஆட்டுச் சாணம் எரிபொருள். 1942இல் மறைந்த நம்பேயோ என்ற குயத்தி, சிக்யாட்கி என்ற பாழூரின் பழைய ஓடுகளில் இருந்த இறகு, பறவைக் கோலங்களைத் தன் பானைகளில் மறுபடி எழுதினார். ஒரு மரபே எழுந்து நின்றது.

நம் ஓடுகளை நம் குயவர்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெயிண்ட் ரோஜாவைவிட அந்தக் கறுப்பு விளிம்பு எவ்வளவு அழகு! மண்ணும் வேண்டுமே. ஏரி வண்டலை மண்பாண்டத் தொழிலுக்கு இலவசமாக எடுக்க அரசு அனுமதி உண்டு. ஆனால் அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை இப்போது நடைபயிற்சிப் பூங்கா. தனக்கு மண் லாரியில் வெளியூரிலிருந்து வருவதாக அந்த அம்மா சொன்னார்.

அடுத்த வாரம் பூண்டி. அங்குள்ள அருங்காட்சியகத்தில், பானைக்கும் முந்தைய கற்கருவிகள்.