பிரிந்த பெற்றோரும் பிள்ளைகளின் காசும்

அன்பான மாணவர்களுக்கும் சொந்தக்காரருக்கும்,

இன்று கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், ஒருவரையும் கரும்பலகைக்குக் கூப்பிடமாட்டேன்.

கனடாவில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக மாதம்தோறும் 20ஆம் திகதியளவில் 'சைல்ட் பெனிபிட்' வருவது இங்குள்ள உங்களுக்குத் தெரியும். தாயும் தகப்பனும் ஒன்றாக இருக்கும்போது அது பெரும்பாலும் தாயின் பெயருக்கே வரும். பிரிந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. பிரிந்ததையே வெளியில் சொல்லாதவர்கள் காசைப் பற்றி எப்படிக் கேட்பார்கள்?

ஸ்காபரோவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். பெயர் போடாமல் எழுதச் சொன்னதும் அவள்தான்.

"ரீச்சர், பிள்ளையள் ஒரு கிழமை என்னோட, ஒரு கிழமை தகப்பனோட. இப்ப அவர் காசில பாதி கேக்கிறார். என்ர காசை நான் ஏன் குடுக்கவேணும்?"

"நீ குடுக்கத் தேவையில்லை பிள்ளை. ரெண்டு பேருக்கும் அரசாங்கமே தனித்தனியாப் போடும்" என்றேன்.

விதி இதுதான். பிள்ளை ஒவ்வொருவரோடும் 40 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது பகிர்ந்த வளர்ப்பு. இரண்டு கிழமையில் 14 நாள். அதில் 40 வீதம் 5.6 நாள். ஆறு நாள் இருந்தால் சரி. சனி, ஞாயிறு மட்டும் போய்வந்தால் நாலு நாள்தான். அப்போது முழுக் காசும் மற்றவருக்கு.

பாதி என்றால் முன்பு வந்ததில் பாதி என்று நினைக்காதீர்கள். முன்பு இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இனி அவளுடையதை மட்டும் பார்த்து, முழுவதும் அவளுக்கென்றால் எவ்வளவு வருமோ அதில் பாதி கொடுப்பார்கள். தகப்பனுக்கு அவருடைய வருமானப்படி. அவளுக்கு 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். 2025 யூலை முதல் 2026 யூன் வரையான கணக்கில், வருமானம் 37,487 டொலருக்குள் என்றால் முழுத்தொகை வருடத்துக்கு 7,997 + 6,748 = 14,745 டொலர். பாதி 7,372.50, மாதம் 614 டொலரளவில். அவளுக்கு இதுவரை வந்ததை விட இது அவ்வளவு குறைவில்லை.

பிரிந்து 90 நாள் கடந்தால் வரித் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பிள்ளைகள் இருவரிடமும் இருப்பதையும் சொல்லுங்கள். தகப்பன் தன் பங்குக்கு விண்ணப்பிக்கவேண்டும். வருமானம் இல்லாவிட்டாலும் இருவரும் ஒவ்வொரு வருடமும் வரிக்கணக்குக் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடப் பதிவில் இரண்டு விலாசமும் இருக்கட்டும். ஆதாரம் கேட்டால் உதவும்.

மறைத்தால், கூடுதலாக வந்த காசைப் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். அப்போது அது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் சப்பாத்துக்கும் செலவாகி முடிந்திருக்கும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். வரித் திணைக்களம் மாமிமாருக்குப் போன் எடுத்துச் சொல்லாது.

சொந்தக்காரருக்கும் ஒரு சொல். "விட்டுக்குடாதை, பிள்ளையளை இன்னும் ரெண்டு நாள் வைச்சிரு" என்று தூபம் போடாதீர்கள். அந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளைகள் தகப்பனையோ தாயையோ காணாத நாட்கள்.

கேள்வி இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது.

அன்புடன்,
உங்கள் கணக்கு ரீச்சர்