இரண்டு நதிகள், ஓர் ஊர், 1,733 பேர்!

‘கெய்ரோ’ என்றதும் உங்கள் மனசு பிரமிடு, ஒட்டகம், நைல் நதி என்று கிளம்பிவிட்டால், கொஞ்சம் நிறுத்துங்கள். நாம் போகப்போவது அமெரிக்காவில் இருக்கிற கெய்ரோவுக்கு. சிகாகோவிலிருந்து தெற்கே சுமார் 600 கிலோமீட்டர். இல்லினாய் மாநிலம் ‘இதற்கு மேல் தரை இல்லை, தண்ணீர்தான்’ என்று கையை விரிக்கிற முனையில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களிடம் எகிப்து பாணியில் ‘கெய்ரோ’ என்று சொல்லிவிடாதீர்கள். அசலூர் ஆசாமி என்று அந்த நிமிஷமே தெரிந்துபோகும். அவர்கள் வாயில் அது ‘கேரோ’!

இரண்டு பெரிய நதிகள், வளமான வண்டல், அடிக்கடி வெள்ளம். இதைப் பார்த்த ஆரம்பகால ஆசாமிகளுக்கு நைல் ஞாபகம் வந்து, 1818லேயே இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? சுற்றுவட்டாரத்துக்கே ‘குட்டி எகிப்து’ என்று பட்டப்பெயர். அக்கம்பக்கத்தில் தீப்ஸ் என்று ஓர் ஊர், கர்னாக் என்று இன்னோர் ஊர். பிரமிடு மட்டும்தான் பாக்கி.

ஊரின் தென்கோடியில் ஒரு பூங்கா. அங்கே நின்றால் இடது பக்கம் ஒஹையோ, வலது பக்கம் மிசிசிப்பி, எதிரே இரண்டும் சேருகிற சங்கமம். சேர்ந்தபிறகும் தண்ணீர் சட்டென்று கலந்துவிடுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாக உலை வைக்கிற ஓரகத்திகள் மாதிரி, இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் கொஞ்ச தூரம் போகின்றன. இதில் ஒரு வேடிக்கை. இந்த இடத்தில் அதிகத் தண்ணீர் கொண்டுவருவது ஒஹையோதான். ஆனால் இதற்குப் பிறகு கடல் வரைக்கும் பேர் மிசிசிப்பிக்கு! உழைப்பு ஒருத்தர், பேர் இன்னொருத்தர் என்பது நதிகளிடமும் உண்டு போலிருக்கிறது.

கேரோவின் கதையைச் சொல்லத் தடிமனான புத்தகம் வேண்டாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற ஜனத்தொகைக் கணக்கு போதும். 1860ல் 2,188 பேர். 1870ல் 6,267. ஏறிக்கொண்டே போய் 1920ல் 15,203. அதுதான் உச்சம். அப்புறம் இறங்குமுகம். 1970ல் 6,277. அதாவது நூறு வருஷம் ஓடி, பத்தே பத்துப் பேர் லாபம்! 2020ல் வெறும் 1,733. முதலில் சொன்ன 1860 கணக்கையும்விடக் குறைவு.

‘ஐயோ பாவம், வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும்’ என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை.

ஆரம்பத்தில் இது வெறும் சதுப்பு நிலம். 1830களின் கடைசியில் ஒரு கம்பெனி, ‘மகாநகரம் கட்டுகிறோம்’ என்று லண்டனில் கடன் பத்திரம் விற்றுப் பணம் சேர்த்தது. கம்பெனி திவால். 1842ல் படகில் இந்தப் பக்கம் வந்த சார்லஸ் டிக்கன்ஸ், ஊரைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினார். ஆத்திரம் தீரவில்லை. ‘மார்ட்டின் சஸ்ல்விட்’ நாவலில் ‘ஈடன்’ என்று ஒரு ஏமாற்று நகரம் வருமே, அதற்கும் இதுதான் மாடல் என்கிறார்கள்.

டிக்கன்ஸ் போனார், ரயில் வந்தது. 1850களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை இங்கே வந்து முடிந்தது. 1861ல் உள்நாட்டு யுத்தம். ஜெனரல் கிராண்ட் இங்கே முகாம் போட்டு, இங்கிருந்துதான் படையோடு தெற்கே இறங்கினார். தெற்கிலிருந்து தப்பி வந்த கறுப்பு அடிமைகள் ஆயிரக்கணக்கில் இங்கே கரையேறினார்கள். அவர்களுக்குக் கேரோ என்றால் விடுதலையின் வாசல். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ படித்தவர்களுக்குத் தெரியும். ஹக்கும் ஜிம்மும் தெப்பத்தில் தேடிப்போகிற ஊர் இதுதான். பனிமூட்டத்தில் கோட்டை விட்டுவிடுவார்கள்.

நிஜத்தில் வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? யுத்தம் முடிந்தபிறகு நீராவிப் படகு, ரயில், சரக்கு என்று ஊர் செழித்தது. மாளிகைகள் எழும்பின. ‘மக்னோலியா மேனர்’ என்ற செங்கல் மாளிகை அந்தக் காலத்துப் பணத்துக்குச் சாட்சி. ஆனால் அந்தப் பணம் ஒரு பக்கத்திலேயே தங்கிவிட்டது. 1909 நவம்பர் 11ம் தேதி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பரை, விசாரணை எதுவும் இல்லாமல், ஆயிரக்கணக்கான ஜனக்கூட்டம் நடுத்தெருவில், விளக்கு வளைவின் கீழே கொன்றது. கைதியைக் காப்பாற்றத் தவறிய ஷெரீஃபின் பதவி, மாநிலச் சட்டப்படி போயிற்று. அவருக்குப் பதவி திரும்பக் கிடைக்கப் பார்த்தபோது, ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் சிகாகோவிலிருந்து நேரே இங்கே வந்து விசாரித்து, கவர்னர் முன்னால் வாதாடித் தடுத்தார்.

நதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரோக்காரர்கள் நதிக்குப் பயந்து ஊரைச் சுற்றிக் கரையும் சுவரும் எழுப்பினார்கள். வடக்கே நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைகிற இடத்தில் ராட்சத இரும்புக் கதவு. வெள்ளம் வந்தால் கதவை இறக்கி, ஊரையே டிபன் பாக்ஸ் மாதிரி மூடிவிடலாம்! 1937ல் பெருவெள்ளம். சுவர் தாங்கியது. ஊர் தப்பியது.

அப்புறம் ஏன் ஆட்கள் போனார்கள்? ஒரு காரணம், பாலங்கள். 1889லேயே ஒஹையோவுக்கு ரயில் பாலம் வந்துவிட்டது. பின்னால் கார் பாலங்கள். படகுக்காகக் காத்திருந்தவர்கள் நிற்காமல் போக ஆரம்பித்தார்கள். 1978ல் புது நெடுஞ்சாலைப் பாலம் ஊரை ஒதுக்கிவிட்டே போனது.

ஆனால் பாலம் வந்த ஊரெல்லாம் காலியாகிவிடவில்லையே! இங்கே இன்னொன்றும் நடந்தது. 1962ல் நீச்சல் குளத்தில் கறுப்பர்களை விடவில்லை என்று போராட்டம். இளைஞர்கள் வாசலில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். அவர்களில் ஒருவர், பிற்பாடு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸ். குளத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்காமல் இருப்பது மேல் என்று குளத்தை மூடினார்கள். பிறகு கான்க்ரீட் கொட்டி நிரப்பியாயிற்று!

1967ல் லீவில் வந்திருந்த 19 வயதுக் கறுப்பு ராணுவ வீரர் ஒருவர் போலீஸ் காவலில் தூக்கில் தொங்கினார். தற்கொலை என்றது போலீஸ். கறுப்பர்கள் நம்பவில்லை. ஊர் கொதித்தது. 1969ல், ‘எங்களுக்கு வேலை கொடுக்காத கடையில் எங்களுக்கு வியாபாரம் இல்லை’ என்று கறுப்பர்கள் புறக்கணிப்பு ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்கில் நடந்தது. கடைக்காரர்கள் பலர், ஒரு கறுப்பரைக் கல்லாவில் உட்கார வைப்பதைவிட ஷட்டரை இழுத்துவிடுவது மேல் என்று தீர்மானித்தார்கள். நீச்சல் குளக் கணக்கேதான்! கமர்ஷியல் அவென்யூ என்ற கடைவீதி ஒவ்வொரு கதவாக மூடியது. 1986ல் ஆஸ்பத்திரியும் போயிற்று.

2011ல் மறுபடி நதி வந்தது. 61 அடியையும் தாண்டி, 1937 சாதனையை முறியடித்தது. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். மே 2ம் தேதி இரவு, எதிர்க்கரை மிசௌரியில் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை ராணுவப் பொறியாளர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1,30,000 ஏக்கர் விவசாய நிலம் மூழ்கியது. கேரோ பிழைத்தது. மூழ்கினதில் பின்ஹுக் என்ற சின்னஞ்சிறு கறுப்பர் கிராமமும் ஒன்று. ஒரு கறுப்பர் ஊருக்காக இன்னொரு கறுப்பர் ஊர் போனது.

நதியிடமிருந்து தப்பிய ஊரில் 2017ல் இன்னொரு இடி. பாழடைந்த அரசாங்கக் குடியிருப்புகள் இரண்டை இடிக்கப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 400 பேர் வெளியேற வேண்டும். ஊருக்குள் வேறு வீடு ஏது? பலர் பெட்டி கட்டினார்கள்.

மிச்சமிருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடையே இல்லாமல் வருஷக்கணக்கில் அவதிப்பட்டுவிட்டு, 2023ல் கூட்டுறவு முறையில் ஒரு கடை திறந்தார்கள். சங்கமத்தில் துறைமுகம் கட்டுகிற திட்டமும் பேச்சில் இருக்கிறது. இரண்டு நதியும் இன்னும் அங்கேதானே இருக்கின்றன?

தண்ணீரைத் தடுக்கச் சுவர் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். நூறு வருஷமாக ஒரு நதியாலும் இந்த ஊரைக் காலி செய்ய முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே குளத்தில் இறங்க மறுத்ததுதான் பாதி வேலையைச் செய்தது.

அடுத்த கணக்கெடுப்பு 2030ல். அதில் 1,734 என்று வந்தால்கூடப் போதும். 1940க்குப் பிறகு முதல் தடவையாகக் கேரோவின் கணக்கு ஏறியிருக்கும்!