மலைவும் வழுவமைதியும்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறும் பாதை ரிவர்ஸ்டனை அடையும்போது, ஒரே மலையின் இருபுறத்தும் இருவேறு பருவங்கள் நிலவக் காணலாம். மேற்கே இறத்தோட்டைப் பக்கம் முகில் தாழ்ந்து மரங்களை மறைத்து நிற்கும். கிழக்கே பிட்டவலைப் பத்தனையின் புல்வெளியிலோ வெயில் எறித்துக்கொண்டிருக்கும். காற்றுத் திரும்பினால் சில நிமிடங்களில் யாவும் மாறிவிடும். இங்கு நின்று உரையாடும் இருவரைப் படம்பிடிக்கும் ஒருவன், ஒருவர் முகத்தை முதலிலும் மற்றவர் முகத்தைப் பத்து நிமிடம் கழித்தும் எடுப்பானாயின், திரையில் ஒருவர் பனியிலும் மற்றவர் வெயிலிலும் நின்று பேசுவர். இலண்டனில் இருந்து அதனைக் காணும் நுண்ணிய பார்வையாளர் ஒருவர் ‘தொடர்ச்சி கெட்டது’ என்று உடனே குறித்துக்கொள்வார். அவர் கண்டது பிழையா, அன்றி அவ்விடத்தின் இயல்பா என்பதைத் தீர்ப்பதற்கு ரிவர்ஸ்டனை அறிந்த ஒருவர் வேண்டும்.

பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகங்களில் இத்தகைய பிழைகளைத் தேடுவதும், கண்டவற்றைப் பற்றி வழக்காடுவதும் அந்நாட்டுப் பார்வையாளர் பலருக்கு நெடுங்காலப் பொழுதுபோக்கு. காட்சிகள் கதையின் ஒழுங்கிற் படமாக்கப்படுவதில்லை. காலையில் எடுத்த காட்சியின் மறுபாதி மறுவாரம் எடுக்கப்படலாம். இடையிற் கிண்ணத்துத் தேநீர் குறையும், கடிகார முள் நகரும். இவற்றைக் குறித்து வைப்பதற்கென்றே படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் இருப்பார். அவர் கண்ணுக்கும் தப்பியவை அக்காலத்தில் ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்தன. நாடாப் பதிவுக் கருவி வீடுகளுக்கு வந்த பின்னரே, நிறுத்தியும் திருப்பியும் பார்க்கும் நக்கீரர்கள் பெருகினர்.

தமிழுக்கு இவ்வழக்குப் புதிதன்று. இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என்னும் ஆறனொடும் முரணக் கூறுதலை ‘மலைவு’ எனப் பெயரிட்டுக் குற்றங்களுள் வைத்தது தண்டியலங்காரம். அம்மலைவு குற்றமாகாது ஏற்கப்படும் இடங்களும் உண்டென்பது அணியிலக்கணக்காரர் கொள்கை. வழுவை வழுவென ஒப்புக்கொண்டே அதற்கு அமைதி கூறுவது தமிழ் இலக்கண மரபுக்கு நன்கு பழகிய முறையாகும். ஆங்கிலப் பார்வையாளரின் வழக்குகளுட் பெரும்பாலானவற்றை இவ்வாறனுள் அடக்கிவிடலாம்.

1963 இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். 1975 இல் ஒளிபரப்பான கதையொன்றில் சாரா என்னும் பாத்திரம் தான் 1980 ஆம் ஆண்டைச் சேர்ந்தவள் என்கிறாள். அவள் காலத்திற் படையணித் தலைவராயிருந்த பிரிகேடியர், 1983 இல் ஒளிபரப்பான வேறொரு கதையின்படி, 1977 இலேயே ஓய்வுபெற்றுப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டிருக்கிறார். இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட இரசிகர்கள் வரைந்த காலக்கணிப்புகள், சங்க காலத்தைக் கணிக்க நிகழ்ந்த போராட்டத்தை நினைவூட்டும். முந்திய கதைகளே இவர்களுக்கு ஆகமமாகிவிட்டன! 2008 இல் ஒளிபரப்பான கதையில், அப்படையணியோடு தான் பணிபுரிந்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று டொக்டரே ஐயுறுவதாக எழுதி, ஆக்கியோர் இவ்வழக்கை நகைச்சுவையோடு கடந்தனர். இதனினும் பெரிய வழுவமைதி அத்தொடரின் தொடக்க காலத்திலேயே நிகழ்ந்தது. 1966 இல் முதன்மை நடிகர் வில்லியம் ஹாற்னல் விலகியபோது, டொக்டரின் உடலே மாறக்கூடியது என்று கதையை அமைத்து, வேறு முகமுடைய பற்றிக் ட்ரௌட்டனை அதே பாத்திரமாக நிறுத்தினர். தொடர்ச்சியின் முறிவே தொடரின் விதியாயிற்று.

ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளில், வற்சன் போரில் அடைந்த காயம் 1887 ஆம் ஆண்டுக் கதையில் தோளிலும் 1890 ஆம் ஆண்டுக் கதையிற் காலிலும் இருக்கிறது. கோனன் டொயிலின் மறதி என்று பலரும் விட்டுவிட்ட இம்முரணை, 2010 இல் பி.பி.சி. தயாரித்த ‘ஷெர்லொக்’ பயன்படுத்திக்கொண்டது. காயம் தோளில், கால் நொண்டுவது மனத்தின் விளைவு. குற்றங் காண்போருள் எவரும் இதனினும் நயமான விடையைக் கண்டிலர்.

குற்றச்சாட்டிலும் மலைவு நேர்வதுண்டு. ‘டவுன்டன் அபி’ நாடகத்தின் 1924 ஆம் ஆண்டு மாளிகைக் கணப்படுப்பின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் நின்றதாக 2014 இல் எழுந்த நகைப்புப் பலருக்கு நினைவிருக்கும். போத்தல் நின்றது உண்மை. ஆயின் அது விளம்பரத்திற்காக வெளியிட்ட புகைப்படத்தில். நாடகக் காட்சியிலேயே அது தோன்றியதாகக் கூறுவோர், பிறர் பிழையைச் சுட்டும் வேளையிற் தாம் ஒரு பிழை செய்கின்றனர்.

இவையெல்லாம் சிறு பொருள்களைப் பற்றிய வழக்குகள், எவரையும் வருத்தாதவை. இடமலைவின் தன்மையோ வேறு. 1974 முதல் 1981 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய, இரண்டாம் உலகப்போர்க்கால இந்தியாவைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் தொடர் ஒன்று இங்கிலாந்திலேயே படமாக்கப்பட்டது. அதில் இந்தியப் பணியாளாக முகத்திற்கு மையிட்டு நடித்த மைக்கல் பேற்ஸ் ஆங்கிலேயர்; ஆயினும் ஜான்சியிற் பிறந்து அந்நிலத்து மொழியைப் பேசக் கற்றவர். பேச்சு மெய், முகம் பொய். 2015 இல் வந்த ‘இந்தியன் சம்மர்ஸ்’ 1930களின் சிம்லாவைப் பினாங்கில் அமைத்தது. 2017 முதல் 2022 வரை ஐ.ரி.வி. ஒளிபரப்பிய ‘த குட் கர்மா ஹொஸ்பிற்றல்’ தென்னிந்தியக் கரையோர நகரொன்றை இலங்கையின் தென்கரையிற் கண்டது. பிரித்தானியாவிலே பிளாஸ்டிக் போத்தலுக்கு எழுந்த ஆரவாரம் இவற்றுக்கு எழவில்லை. போத்தலைக் காண யாருக்கும் கண் போதும்; காலியைக் கண்டுகொள்ளக் காலியை அறிந்திருத்தல் வேண்டும். 1984 ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படமான இரண்டாவது ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்தில் இந்தியக் கிராமத்தவர் சிங்களம் பேசுகின்றனர். உலகெங்கும் அரங்கிலிருந்தோர் வாளாவிருக்க, கண்டியில் அதனைப் பார்த்தவர் சிரித்திருப்பர்.

படப்பிடிப்புக்கு அனுமதியும் வசதியும் கிடைக்கும் இடத்தை நாடுவது தயாரிப்பாளரின் இயல்பு. ஓரிடத்தை வேறோரிடமாகக் காட்டுவது நாடக வழக்கு. கம்பன் பாடிய கோசலத்திற் காவிரி நாட்டின் வயலைக் காண்போர் அதற்காக அவனைக் குறை கூறுவதில்லை. ஆதலின் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவு எல்லார்க்கும் ஒரே அளவில் எளிதன்று என்பதை, ரிவர்ஸ்டனுக்குக் களப்பயணம் வந்து மழையில் அகப்பட்ட மாணவர் இருவர் ஒரு மாலையில் உணர்ந்தனர். கைப்பேசியில் அந்த மருத்துவமனைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து மாணவன் சிரித்தான்.

“மச்சான், இது எங்கட காலிப் பக்கமடா. இந்தியா எண்டு காட்டுறாங்கள். இவங்களுக்கு இந்தியாவும் இலங்கையும் ஒண்டுதான்.”

இறத்தோட்டைத் தோட்டமொன்றிற் பிறந்த மற்றவன் சிரிக்கவில்லை. “இவங்களுக்கு மட்டுமா மச்சான்? எங்க சின்னத் தாத்தா இந்த மலையிலதான் பொறந்தாரு. அவர இந்தியான்னு எழுதித்தான் கப்பல் ஏத்துனாங்க. அங்க போனா சிலோன்காரர்னு கூப்பிட்டாங்க.”

அவன் கூறியது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சியோரைப் பின்னொருகாலத் தீர்மானத்திற்கு விட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கமரா ஓரிடத்தை வேறோரிடமாகக் காட்டி மூன்று மாதத்திற் திரும்பிவிடும். இங்கே சட்டம் அதே மாற்றத்தை மனிதர் மீது செய்தது. அதற்கு வழுவமைதி கூறிய இலக்கணக்காரர் எவருமிலர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

யாழ்ப்பாணத்து மாணவன் கைப்பேசியை அணைத்தான். “பிறகு அவர் இஞ்ச வரவே இல்லையோ?”

“ஒரு தடவ வந்தாரு. கூடலூர்லருந்து, விசா எடுத்துக்கிட்டு. பாரத்துல பொறந்த எடம்னு ஒரு கட்டம் இருந்துச்சாம். ரத்தோட்டைன்னு எழுதுனாராம். அதுக்குக் கீழ, எதுக்குப் போறீங்கன்னு கேட்டிருந்துச்சாம். சுற்றுலான்னு எழுதச் சொன்னாங்களாம்.”