மருந்து நிறுக்கும் தராசு

தமிழிலே 'மருந்து' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நோயாளியைப் பிழைக்க வைப்பதும் மருந்து. துப்பாக்கியில் இட்டு வெடிப்பதும் மருந்து. இரண்டுக்கும் நியதி ஒன்றே: அளவு தவறினால் ஆபத்து. இதைப் பல வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆயினும் இந்த விஷயம் ஒரு நாள் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து, நம்மையே பரீட்சை எழுதச் சொல்லும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

காரைக்கால் 1739-ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் பாரத சர்க்காரிடம் வந்தது. 1962-ல் சட்டப்படியும் நம்முடையதாயிற்று. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல. பட்டாளத்தில் சேவித்துப் பென்ஷன் வாங்கிய 'சொல்தா' வீடுகளை இப்பக்கத்தார் நன்கு அறிவார்கள். நம் தங்கை வாழ்க்கைப்பட்டதும் அப்படியொரு வீட்டிலேதான். மாப்பிள்ளை பிரான்ஸ் தேசத்திலே உத்தியோகம் பார்க்கிறார். ஆனி மாதம் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு தலத்தெருவுக்கு வந்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. அனுமதி பெற்ற சங்கமொன்றில் அங்கத்தினராய்ச் சேர்ந்து, காகிதக் குறியின்மேல் சுடுவார். வெடித்து ஓய்ந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், புதிய மருந்தும் ரவையும் இட்டு மறுபடி வீட்டிலேயே தயார் செய்வார். உரிமம் பெற்றவர்களுக்கு அந்நாட்டில் அது குற்றமன்று. நமது தேசத்தில் விஷயம் வேறு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டமோ வெள்ளையருக்கு விலக்களித்துவிட்டு இந்தியரை மட்டும் நிராயுதபாணிகளாக்கியது. இன்றைய சட்டம் நாமே நமக்கு இட்டுக்கொண்டது. ஆகவே மாப்பிள்ளை இங்கே கொண்டு வந்தவை துப்பாக்கியுமல்ல, மருந்துமல்ல. இரண்டே இரண்டு தராசுகள்!

ஒன்று உள்ளங்கை அகலமுள்ள மின்சாரத் தராசு. மற்றது, சங்கத்து முதியவர் ஒருவரிடம் வாங்கிய பழைய கோல் தராசு. "மச்சான், நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். இவ்விரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம், சொல்லுங்கள்" என்றார் அவர். சற்று நேரங்கழித்து, அடுக்களையிலே தங்கை தாழ்ந்த குரலில் வேறு விதமாகக் கேட்டாள்: "அண்ணா! இந்த வருஷம் முதல் பிள்ளையும் அவரோடு சுடப் போகிறான். அந்தத் தராசு சொல்வது மெய்தானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்." அவள் மகனுக்கு வயது பதினாறு.

மருந்தைக் கரண்டியால் அளந்தால் போதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். பழைய கரும்மருந்துக்கு அது செல்லும். நம் முன்னோர்கள் அப்படித்தான் அளந்தார்கள். 1884-ல் பால் வியேய் என்ற பிரெஞ்சு இரசாயனர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறிற்று. அது கரும்மருந்தைவிட மிகுந்த வலிமையுள்ளது. வகைக்கு வகை அதன் அடர்த்தியும் வேறுபடும். ஆகவே நிறுத்தே இடவேண்டும். நிறுக்கும் அளவு 'கிரெயின்'; ஒரு கிராமில் 15.43 கிரெயின் அடங்கும். நல்ல மருந்துத் தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம், கூடினாலும் குறைந்தாலும் காட்ட வேண்டும் என்பது வழக்கம். நகைக்கடைச் சிறு தராசுகள் பல கிராமில் நூறில் ஒரு பங்கு வரைதான் காட்டும். இவ்வேலைக்கு அது போதாது.

கிரெயின் என்பது நமக்குப் புதிய சரக்கன்று. விக்டோரியா ராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் சரியாக 180 கிரெயின். அதுவே ஒரு தோலா. நம் பாட்டியார் பூஜைப் பெட்டியிலே அப்படியொரு ரூபாய் வைத்திருந்தார். அதை எடுத்துவரச் செய்து மின்சாரத் தராசில் வைத்தோம். 177.9 என்றது. கோல் தராசில் வைத்தோம். 178.4 என்றது. "இரண்டுமே பொய்!" என்றார் மாப்பிள்ளை.

பொய் சொல்வது தராசா, ரூபாயா? இதைத் தீர்க்க, பரிசோதிக்கப்பட்ட 10 கிராம் எடைக்கல் ஒன்றைக் கொண்டுவந்தோம். அது 154.3 கிரெயின் இருக்கவேண்டும். கோல் தராசு 154.3 என்று ஒப்புக்கொண்டது. மின்சாரத் தராசு 153.9 என்றது. ஆக, ரூபாய் தேய்ந்திருந்தது. எத்தனை கை மாறிற்றோ, ஒன்றரைக் கிரெயினுக்குமேல் வெள்ளியை வழியிலே விட்டு வந்திருக்கிறது. மின்சாரத் தராசு குறைத்துச் சொன்னதற்குக் காரணம் அதன் பிறவிக் குணம். அது நிறுப்பது பூமியின் இழுப்பை. துருவப் பக்கத்தில் இழுப்பு அதிகம். பூமத்திய ரேகையின் பக்கத்தில் குறைவு. பாரிஸுக்கும் காரைக்காலுக்கும் ஆயிரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வித்தியாசம். கோல் தராசோ எடையை எடையோடு ஒப்பிடுகிறது. இரு பக்கமும் ஒரே இழுப்பாதலால் எந்த ஊரிலும் அதன் சொல் மாறாது. எடைக்கல்லை வைத்து மின்சாரத் தராசைத் திருத்தியதும் அதுவும் 154.3 என்றது. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அங்கே போனால் மறுபடி திருத்திக்கொள்ளலாம். இதுவே போதும், மச்சான்" என்றார்.

நமக்கு மட்டும் திருப்தி உண்டாகவில்லை. தோட்டாவுக்கு மருந்திடுவோர் முதலில் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு துகளாய்ச் சிந்தி அளவை எட்டுவார்களாம். நம் வீட்டிலே மருந்துத் துகளுக்கு எங்கே போவது? அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை எடுத்தோம். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வரும் சன்னலைச் சாத்தி, கைப்பேசிகளை அப்புறப்படுத்தினோம். மருமகனே ஒவ்வொரு கடுகாக மெதுவாய் இட்டான். கோல் தராசின் முனை இரண்டு மூன்று கடுகுக்கே அசைந்தது. அதன் முனையிலுள்ள செப்புத் தகடு இரு காந்தங்களுக்கிடையே இயங்குவதால், ஊஞ்சலாடாமல் சட்டென நிலைகொண்டது. மின்சாரத் தராசிலே ஐந்து, ஆறு, ஏழு, எட்டுக் கடுகு விழுந்தன; எண் அசையவேயில்லை! கிண்ணத்தை எடுத்துத் திரும்ப வைத்ததும் திடீரென்று ஏறிற்று. சிறு சலனங்களைக் காற்றின் அசைவென்று எண்ணிப் புறக்கணிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். மிட்டாய் நிறுப்பவனுக்கு அது சௌகரியம். மருந்து நிறுப்பவனுக்கு அதுவே வினை.

"மாமா, அப்படியானால் அப்பா இதுவரை நிறுத்ததெல்லாம்?" என்றான் பையன்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. ஊரிலே அவருடைய அலமாரியில் இந்தத் தராசினால் நிறுத்த தோட்டாக்கள் ஒரு பெட்டி இருந்தன. அதை அவரே சொன்னார்.

லவுவாஸியே என்ற மேதையின் நினைவு நமக்கு வந்தது. நவீன இரசாயனத்தைத் தராசின் முனையிலே நிறுத்திக் காட்டியவர் அவர். 1775 முதல் பிரெஞ்சு அரசாங்கத்தின் வெடிமருந்து இலாகாவை நடத்தியவரும் அவரே. தசாம்ச முறை எடைகளை வகுத்த குழுவில் பங்கெடுத்தவரும் அவரே. 1956-ல் நாமும் சட்டமியற்றி அந்தக் கிராமையும் கிலோகிராமையும் நமதாக்கிக்கொண்டோம். அவர் பெருமை, ஒருமுறை நிறுத்ததை நம்பிவிடாமல் மறுபடி நிறுத்ததிலே இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு நாம் சொன்ன முடிவு இதுதான். கோல் தராசை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம். சூடேறக் காத்திருக்க வேண்டாம். கூர்முனையில் தூசி படியாமல் மூடிவைத்து, சமதளத்தில் வைத்தால் போதும். மின்சாரத் தராசை எறிய வேண்டாம். அது இரண்டாம் சாட்சியாக இருக்கட்டும். கூடவே எடைக்கற்களும் வாங்குங்கள். அவற்றில் ஒன்றாவது நீங்கள் இடும் மருந்தின் எடைக்குக் கிட்டத்தட்ட இருக்கவேண்டும். வேலை தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அதை நிறுத்துப் பாருங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பொய் சொல்லாத தராசு உலகில் இல்லை. அதன் பொய்யை நாம் கண்டுபிடிக்கக் கூடிய தராசே நல்ல தராசு. நடுநிலைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை சொன்னார். அந்தக் கோலையும் அவ்வப்போது சோதிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே இவ்வுபாத்தியாயர் பணிவுடன் சேர்க்கும் உரை.

ஊர் திரும்பிய மாதத்தில் தங்கை தொலைபேசியில் பேசினாள். மாப்பிள்ளை அந்தப் பெட்டித் தோட்டாக்கள் அத்தனையையும் பிரித்து, பையன் பார்த்திருக்க, கோல் தராசில் மருந்தை நிறுத்தாராம். இரண்டில் அளவு மிஞ்சியிருந்ததாம். "எவ்வளவு?" என்று கேட்டோம். "அவர் சொல்லவில்லை, அண்ணா. அன்றிரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை" என்றாள்.

பாட்டியாரின் ரூபாயைப் பூஜைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டோம். கடுகு மட்டும் அன்றைக்கே ரசத்தில் தாளிக்கப்பட்டுவிட்டது.