மெல்ல எழுப்புங்கள்

வாசிக்க வேண்டிய பகுதி: 1 இராஜாக்கள் 19:1-9



இவ்வாரம் ஒரு பழைய வானொலிப் பெட்டியைப் பற்றியும், அதைப் பழுதுபார்க்கப் புகுந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்தப் பிழை பெட்டியோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இராது.

லெந்து காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், நம் சபையின் முதிய தாயார் ஒருவர், பேரனின் கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துக் குருமனைக்கு அழைத்து வந்தார். காலஞ்சென்ற அவருடைய கணவர் வாங்கிய வால்வு ரேடியோ அது. மச்சின் மேல் நெல் குதிருக்குப் பின்னால் கிடந்ததாம். உள்ளே ஒரு வானொலி உரிமப் புத்தகமும் இருந்தது. அக்காலத்தில் வீட்டில் வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அதிலிருந்த கடைசி முத்திரை 1978ஆம் ஆண்டைக் காட்டியது.

"பாடணும்னு இல்ல ஐயா. இதுல ஒரு சத்தம் வந்தாப் போதும்" என்றார் அந்தத் தாயார்.

அந்தப் பெட்டிகள் நம் கரிசல் காட்டில் என்னவாக இருந்தன என்பதை இளையோர் அறிவது நல்லது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி இருந்தது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்னும் பெயர்கள் தாங்கிய பெட்டிகள் ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தவர்கள், மாலையில் அந்த வீட்டுத் திண்ணையில் கூடிச் செய்தியையும் கேட்டார்கள். இந்தத் தாயாரின் வீடும் அப்படி ஒரு வீடாக இருந்தது.

நான் இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ மெக்கானிக் பிரிவில் பயின்றவன். அங்கே கற்றது பெரும்பாலும் டிரான்சிஸ்டர்தான். ஆயினும், "எனக்குத் தெரியும்" என்னும் எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. தூசியைத் துடைத்தேன். எலி கடித்த மின்கம்பியை மாற்றினேன். ஐந்து வால்வுகளும் உடையாமல் இருந்தன. அன்று இரவே ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

டயல் விளக்கு எரிந்தது. வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன. என் மகளை அழைத்துக் காட்டினேன். அரை நிமிடம் சென்றபின் ஒரு முனகல் எழுந்தது. பிறகு அது உறுமலாயிற்று. நான் கை நீட்டுவதற்குள் உள்ளே ஏதோ பட்டென்று வெடித்தது. கருகிய நெடி அறையெங்கும் பரவியது. ப்ளக்கைப் பிடுங்கினேன். அந்தத் தாயார் கேட்ட ஒரு சத்தம் வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது அதையன்று.

மறுநாள் பெட்டியை அருப்புக்கோட்டைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே வானொலிக் காலத்திலிருந்தே கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர், பின்பலகையைக் கழற்றியதுமே நடந்ததைக் கண்டுகொண்டார்.

"எத்தனை வருசமாக் கிடந்துச்சு ஐயா?"

"நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும், அண்ணாச்சி."

"நாப்பது வருசம் தூங்குனதை இருநூத்தி முப்பது வோல்ட்ல உலுக்கி எழுப்பினா எப்படி எந்திரிக்கும்? செத்துத்தான் போகும்."

பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். வானொலிக்குள் பில்டர் கண்டென்சர் என்னும் உறுப்பு உண்டு. அதனுள் மெல்லிய அலுமினியத் தகடு, திரவத்தில் நனைந்த காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். அத்தகட்டின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தாங்கி நிறுத்துவது அந்தப் படலமே. நாள்தோறும் இயங்கும் பெட்டியில் மின்னழுத்தமே அதைக் காத்துவரும். பல்லாண்டுகள் மின்சாரம் இல்லாமற் கிடந்தால் படலம் நலிந்துபோகும். வெளியே பார்த்தால் உறுப்பு பழையபடியே இருக்கும். உள்ளே தாங்கும் வலிமை இராது. அந்நிலையில் முழு அழுத்தமும் ஒரே நேரத்தில் வந்தால் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்து, திரவம் கொதித்து, உறை வெடிக்கும். என் கையில் நிகழ்ந்தது அதுவே. ஒரு கண்டென்சரும், மின்சாரத்தை நேராக்கித் தரும் ஈ.இசட். 80 வால்வும் போயின. டிரான்ஸ்பார்மர் நூலிழையில் தப்பியது.

"அப்படியானால் மிஞ்சியிருக்கும் பழைய கண்டென்சரையும் மாற்றிவிட வேண்டியதுதானா?" என்று கேட்டேன்.

"மாத்தலாம். ஆனா முதல்ல அதுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாப்போம்."

ஒரு சனிக்கிழமை முழுவதும் அவர் அருகில் அமர்ந்து அந்த வாய்ப்பு எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைக் கண்டேன். கண்டென்சரின் இணைப்புகளைக் கழற்றினார். தனியே ஒரு நேர்மின் சாதனத்திலிருந்து, இடையில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, முதலில் ஏறத்தாழ 25 வோல்ட் மட்டும் கொடுத்தார். மீட்டரின் முள் மேலே தாவியது. மின்சாரம் கசிகிறது என்று அதற்குப் பொருள். அவர் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தார். தேநீர் வந்தது, குடித்தோம். முள் மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. நன்றாக இறங்கிய பிறகே அழுத்தத்தைச் சற்று உயர்த்தினார். முள் மறுபடியும் ஏறியது, மறுபடியும் காத்திருந்தார். வானொலி வேலை செய்வதற்கு வேண்டிய 250 வோல்ட்டை எட்டியபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அந்த உறுப்பு அவ்வழுத்தத்தைத் தாங்கி நின்றது.

அன்பானவர்களே, இங்கேதான் நான் வியந்துபோனேன். மொத்தமாய் வந்தபோது உறுப்பைக் கொன்ற அதே மின்சாரம், சிறிது சிறிதாக வந்தபோது நலிந்த படலத்தைத் திரும்ப வளர்த்தது.

அவர் கருகிப்போன உறுப்புகளை மாற்றினார். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இனித் தேறா என்று அவற்றையும் மாற்றினார். இணைப்பைத் துண்டித்த பிறகும் கண்டென்சரில் உயிரைப் பறிக்குமளவு மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதை வடித்த பின்பே உள்ளே கை வைத்தார். (இளைஞர்களே, இதை வீட்டில் தனியே செய்து பார்க்கவேண்டாம்.) இறுதியாக, சீரிஸ் லேம்ப் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைப்பது அது. உள்ளே குற்றம் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து பெட்டியைக் காக்கும். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

வீடு திரும்பும் வழியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருந்தபோது, ஒரு மனிதர் என் நினைவில் வந்தார்.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். இதை எழுதுவதற்கு அவருடைய இசைவைக் கேட்டேன். "எழுதுங்க ஐயா, பேர் வேண்டாம்" என்றார். தம் மகனை அடக்கம் செய்த நாளுக்குப் பின் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கடந்தன. கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு காலை, முதல் பாட்டு முடிந்தபின் வந்து, கதவருகே கடைசி வரிசையில் அமர்ந்தார். பீடத்திலிருந்து அவரைக் கண்ட என் உள்ளம் துள்ளியது. அந்தத் துள்ளலில் நான் செய்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அவர் பெயரைச் சொல்லி வரவேற்றேன். முன்னே வரும்படி அழைத்தேன். தேவன் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும்படி ஒலிவாங்கியை நீட்டினேன். அவர் அதைப் பிடித்தபடி நின்றார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. நாம் கைதட்டினோம். ஆசீர்வாதம் கூறுமுன் அவர் வெளியேறிவிட்டார். மறு ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"மனம் கடினப்பட்டவர்" என்று அப்போது என் மனைவியிடம் சொன்னேன். அந்தச் சொல்லுக்காக இன்று வெட்கப்படுகிறேன். ஒன்பது ஆண்டுகள் மௌனமாயிருந்த ஓர் உள்ளத்தில் முழு மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் பாய்ச்சியவன் நான்.

எலியாவின் வரலாற்றைத் திரும்ப வாசித்தேன். முந்தைய அதிகாரத்தில் அவர் கர்மேல் மலையில் நானூற்றைம்பது பாகால் தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனியே நின்றவர். இந்த அதிகாரத்தில் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்கிறார். சூரை என்றதும் நமக்கு நம் ஓடைக்கரையின் முட்புதர்தான் நினைவுக்கு வரும். வேதம் சொல்வது வேறு செடி. ஆனால் வேறு நிழலில்லாத பொட்டலில் ஒருவன் ஒண்டிக்கொள்ளும் செடி என்பதில் இரண்டும் ஒன்றே. அங்கே தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. கர்மேலை நினைவூட்டவும் இல்லை. தூதன் தொட்டு எழுப்பினான். சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், மறுபடியும் படுத்துவிட்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் முறையும் ஒரு தொடுதல், இரண்டாம் முறையும் உணவு. அதன்பின் நாற்பது நாள் நடை. ஓரேபின் குகையில் வந்து தங்கிய பின்புதான், இங்கே உனக்கு என்ன வேலை என்னும் கேள்வி வருகிறது. கேள்வி இருந்தது, ஆனால் தேவன் அதற்குரிய வேளைக்குக் காத்திருந்தார்.

திபேரியாக் கடற்கரையிலும் அப்படியே. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் மூன்று முறை கேட்டார். ஆனால் கரிநெருப்பின் மேல் மீனும் அப்பமும் வைத்து, அவர்கள் உண்டு முடித்த பின்பே கேட்டார்.

நாமோ, நெடுநாள் கழித்து ஒருவர் வாசலில் கால் வைத்ததும், "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்கிறோம். சிலர் சந்தா பாக்கியைக்கூட நினைவூட்டுகிறார்கள். வேறு சிலர் அன்பு மிகுதியால் அன்றே பாடகர் குழுவில் சேர்க்கப் பார்க்கிறார்கள். கடிந்து பேசுதல் மட்டுமே புண்படுத்தும் என்றெண்ணாதீர்கள். அளவறியாத அன்பும் ஒருவரை எரித்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த முதியவர் தேறாத உறுப்பைத் தூக்கி எறிந்தார். அது அவர் தொழிலுக்கு முறை. சபைக்கு அந்த உரிமை கொடுக்கப்படவில்லை. உவமை அந்த இடத்தில் முடிந்துபோகிறது. நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது காத்திருக்கும் வேலை மட்டுமே.

வானொலியை அந்தத் தாயாரின் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். ஸ்விட்சைப் போட்டதும் ஒலி வரவில்லை, வால்வுகள் சூடேறவேண்டுமே. பேரன் பொறுமையிழந்தான். அரை நிமிடம் கழித்து, இரைச்சலுக்கு நடுவே திருச்சி நிலையத்தின் குரல் எழுந்தது. தாயார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "அவரு கேக்கும்போதும் இப்படித்தான் சூடா இருக்கும்" என்றார்.

மறுநாள் அந்தச் சகோதரரின் வீட்டிற்குப் போனேன். வேதபுத்தகத்தைக் கையில் எடுத்துச் செல்லவில்லை. திண்ணையில் அமர்ந்து மல்லி விளைச்சலைப் பற்றிப் பேசினோம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஆலயத்தைப் பற்றி வேறெதுவும் பேசவில்லை. மறுவாரமும் போனேன். மூன்றாம் முறை போனபோது அவராகவே மகனின் புகைப்படத்தை எடுத்து வந்து காட்டினார். ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "இன்னைக்கு வேண்டாம் ஐயா" என்றார். சரி என்று எழுந்து வந்தேன்.

அவர் இன்னும் ஆலயத்திற்கு வரவில்லை. ஒருநாள் வந்தால், சபையாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசி வரிசையில் கதவருகே இடம் விடுங்கள். பாமாலைப் புத்தகத்தை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். நானும் பீடத்திலிருந்து அவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாரேனும் நெடுநாளாய் ஜெபம் நின்றுபோனவராக இருக்கலாம். இன்றே முழு இரவு ஜெபத்தில் தொடங்கவேண்டும் என்றில்லை. ஒரு சங்கீதம், அதுவும் அதிகமானால் ஒரு பெருமூச்சு போதும். அதையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார்.

ஜெபிப்போம்:

எலியாவை உறங்கவிட்டு உணவளித்த ஆண்டவரே, எங்கள் அவசரத்தால் நாங்கள் எரித்த உள்ளங்களுக்காக எங்களை மன்னியும். உமது பொறுமையில் சிறிதளவை எங்களுக்குத் தாரும். மௌனமாயிருப்போரை உமக்குரிய வேளையில், உமக்குரிய மென்மையோடு நீரே எழுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
பந்தல்குடி