தேரிக்காட்டு அவுரி: லண்டன் வரை போன பேதி மருந்து

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகச் சாத்தான்குளம் பக்கம் போனால், மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே வரும். பனைமரம், உடைமரம், காற்றில் நகரும் தேரி மணல். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர்கள். நெல்லை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத இந்த மானாவாரி நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு செடியை விதைக்கிறார்கள். மஞ்சள் பூ, தட்டையான காய், ஆவாரம்பூவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். உண்மையிலேயே ஒரே குடும்பம்தான்.

இந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர் அவுரி. மற்ற ஊர்களில் நிலாவரை, நிலவாகை. அரேபியப் பக்கமிருந்து வந்த செடி, இங்கே வேர்பிடித்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, மேல்நாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று பதிவானது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் உலகச் சந்தையில் அது திருநெல்வேலிச் சரக்குதான்!

விதைத்து இரண்டு மாதம் போல ஆனதும் இலை பறிப்பு. பறித்ததைக் குவித்து வைத்தால் கறுத்துவிடும். அதனால் மெல்லிசாகப் பரப்பி, நிழலில் கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். பச்சை மாறாமல் லேசாக மஞ்சள் தட்டினால் நல்ல விலை. அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சைதான். பூஞ்சை பிடித்த இலை மருந்தாகாது.

இந்த இலையின் வேலை விசித்திரமானது. இதிலுள்ள சென்னோசைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஏறக்குறைய சும்மாவே இருக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்க, அப்போதுதான் குடலை உசுப்பும் பொருள் பிறக்கிறது. ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது இதனால்தான். 6 முதல் 12 மணி நேரம் ஆகும். 'ஒன்றும் ஆகலையே' என்று ஒரு மணி நேரத்தில் இன்னொரு ஸ்பூன் போடுகிறவர்கள், விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சென்னா இருக்கிறது. மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுத்தால் நல்ல மருந்து. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே இலை 'ஸ்லிம்மிங் டீ', 'டீடாக்ஸ் டீ' என்று அழகான டப்பாவில் ஏறும்போது. குறைவதாகத் தெரியும் எடை பெரும்பாலும் தண்ணீரும் மலமும்தான், கொழுப்பு அல்ல. வாரக்கணக்கில் குடித்தால் பேதியோடு பொட்டாசியமும் போகும். கை கால் சோர்வு, தசைப்பிடிப்பு, நாடித்துடிப்பில் தடுமாற்றம் வரலாம். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இது நேரடியான ஆபத்து. மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. காரணம் தெரியாத வயிற்றுவலி இருக்கும்போது தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால், தேட வேண்டியது மலச்சிக்கலின் காரணத்தை.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. சாத்தான்குளத்துக்காரருக்கு அவுரி என்றால் பேதி இலை. வெளியூர் நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி கேட்டால், மருதாணிக்குப் பிறகு தலையில் பூசும் நீலச்சாயப் பொடி கைக்கு வரலாம். அது வேறு செடி. பொடியாக்கிவிட்டால் இரண்டும் பச்சைதான், கண்ணால் பிரிக்க முடியாது. உள்ளுக்கா, தலைக்கா என்று கடைக்காரரிடம் சொல்லியே வாங்க வேண்டும். முடிந்தால் தாவரவியல் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குவது மேல்.

தைக்குப் பிறகு போகிறவர்கள், காய்ந்த இலையின் தேயிலை போன்ற மணத்தை அந்தக் களங்களில் பிடிக்கலாம். மோந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். ஊருக்கு வாங்கி வர உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது.