ஏரியும் ஏழாம் வகுப்பும்

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளைப் பற்றி நம் ஊர்களில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஒன்றாம் வகுப்பில் இடம் பிடிக்கப் பெற்றோர் விண்ணப்பமும் கையுமாக அலைகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வீட்டில் தொலைக்காட்சி அணைந்துவிடுகிறது. நடுவில் உள்ள மூன்றாண்டுகள் எப்படியோ கழிகின்றன. சீர்திருத்தக்காரர்களும் இந்த நடுப்பகுதியைத் தாண்டியே போயிருக்கிறார்கள். கர்நாடகம் பெருமையோடு சொல்லும் ‘நலி கலி’ முறை 1995-இல் மைசூர் மாவட்டத்து எச்.டி.கோட்டேயில் தொடங்கியது. அதன் மூலத்தைத் தேடினால், டேவிட் ஹார்ஸ்பர்க் 1972-இல் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளிக்குப் போய்ச் சேருவோம். அங்கே பயின்ற ஆசிரியர்கள் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்தார்கள். அங்கிருந்து ஒரு கிளை எச்.டி.கோட்டேக்கும் இன்னொன்று தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் போயிற்று. அருமையான வம்சாவளிதான், ஆனால் இரண்டு கிளைகளும் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டன. தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டு வரைக்கும் படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது. மனவரைபடம் வரைவதைத் தவிர அதில் பிள்ளைகள் மனத்தில் தங்கியது அதிகமில்லை என்பது என் கணிப்பு. விளைவு என்ன? 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்த 2023-ஆம் ஆண்டின் ‘அசர்’ அறிக்கைப்படி, நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தன் மாநில மொழியில் தடையின்றி வாசிக்க வரவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டும் வயதில் இருப்பவர்கள் இவர்கள். கேள்வியை அவர்களிடம் கேட்பதைவிட அந்த நடுவகுப்புகளிடம் கேட்பதே நியாயம்.

பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குள் பிள்ளைக்கு இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பாடம் பிரிகிறது: அறிவியல், சமூக அறிவியல், கணிதம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனி நோட்டு, தனிக் கலைச்சொற்கள். உலகமோ இணைகிறது. கடைக்குத் தனியாகப் போகவும், பேருந்து ஏறவும், பெரியவர்களின் சண்டைக்குக் காரணம் என்ன என்று காது கொடுக்கவும் தொடங்குகிற வயது அது. வகுப்பு துண்டு துண்டாகவும் தெரு முழுமையாகவும் இருந்தால் பிள்ளை எதை நம்பும்? ஆகவே நடுநிலை வகுப்புகளில் பள்ளி இருக்கும் பேட்டையே பாடத்தின் கச்சாப் பொருளாக வேண்டும் என்கிறேன். ஆண்டுவிழாவுக்கு அழைக்க வேண்டிய விருந்தாளியாக மட்டும் அதைப் பார்ப்பது போதாது. இப்போது ‘சமூகப் பங்கேற்பு’ என்றால் நன்கொடை பெஞ்சும் சுற்றுச்சுவரும்தான். கர்நாடக அரசுப் பள்ளிகளில் எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுக்கள் 2001-இல் அமைந்தன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய குழுக்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதி பெண்களும் இருக்க வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் பெற்றோருக்கு என்ன தெரியும், அதில் எது பாடத்துக்கு உதவும் என்ற கேள்வி அந்தக் கூட்டங்களில் எழுவது அபூர்வம்.

பெங்களூரின் அல்சூரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 ஹெக்டேர் ஏரி, ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைமுகாம், சற்றுத் தள்ளிச் சோமேஸ்வரர் கோயில், குருத்வாரா, பஜார் வீதி, 2011-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் நிலையம். நடந்தே சுற்றிவிடக்கூடிய வட்டம். 2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நாளிதழ்கள் படம் போட்டன, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கழிவுநீரும் ஆக்சிஜன் குறைவும் காரணம் என்று சொல்லப்பட்டது. எட்டாம் வகுப்புக்கான என்சிஇஆர்டி அறிவியல் நூலில் நெடுங்காலம் இருந்த மாசுபாட்டுப் பாடம் தாஜ்மகாலையும் கங்கையையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது. இரண்டும் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஆக்ராவின் பளிங்கு மஞ்சளாவதை அல்சூர்ப் பிள்ளை நம்பத்தான் முடியும், சோதிக்க முடியாது. ஏரியிடம் கேள்வி கேட்கலாம். மீன்கள் ஏன் கோடையின் தொடக்கத்தில் செத்தன, ஆகஸ்டில் ஏன் சாகவில்லை? 20 டிகிரி வெப்பமுள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஆனால் அந்த வித்தியாசம் மட்டுமே மீனைக் கொல்லாது. கழிவுநீரில் வரும் உரச்சத்தைத் தின்று பாசி பெருகுகிறது. பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி, வெளிச்சம் இல்லாத இரவில் அதை உறிஞ்சுகிறது. அழுகும் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் தம் பங்கை எடுக்கின்றன. ஆபத்து உச்சத்தில் இருப்பது விடியலுக்குச் சற்று முன்னால். ஒளிச்சேர்க்கை, சுவாசம், கரைதிறன், நுண்ணுயிர்கள் எனப் பாடநூலில் நான்கு அத்தியாயங்களில் சிதறிக் கிடப்பவை இந்த ஒரே கேள்வியில் கூடிவிடுகின்றன. பிள்ளைகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நீரின் வெப்பத்தை அளந்து வரைபடம் போட்டால் கணிதமும் தன்னால் வந்து சேரும்.

வரலாற்றுக்கும் இதே கதைதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படை காய்ச்சலில் அவதிப்பட்டது. 1809-இல் அல்சூரை ஒட்டிக் கண்டோன்மெண்ட் உருவானது. படைக்குப் பின்னால் தமிழ் பேசும் வணிகர்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், சுமை தூக்குவோர் வந்தார்கள். ‘என் பாட்டன் ஏன் இங்கே வந்தான்’ என்று கேட்கும் பிள்ளைக்கு மைசூர்ப் போர்கள் தேர்வுக்கான தேதிகளாக மட்டும் இருக்கமாட்டா. ஏரியிலிருந்து நடக்கும் தொலைவில் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் கல்வி அறநிலையம் இருக்கிறது, 1873-இல் தொடங்கியது. அந்த முதலியார்தான் இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர். ஒப்பந்தத்தில் பணம் சேர்த்த ஒருவர் ஏன் பள்ளி தொடங்கினார், யாருக்காகத் தொடங்கினார், அவருக்குக் கல் உடைத்தவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் வகுப்பில் பாதி விடைகள் முரண்படும். அந்த முரண்பாட்டைத் தீர்க்க என்ன சான்று வேண்டும் என்று தேடத் தொடங்குவதுதான் வரலாறு கற்பது.

இதெல்லாம் அழகாக இருக்கும், மதிப்பெண் வருமா என்பார்கள். இதற்கு விடை சொல்ல மத்தியப் பிரதேசத்துக்குப் போக வேண்டும். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே உரியது அது. ‘பால வைஞானிக்’ என்ற பயிற்சி நூல், கைக்குக் கிடைத்த பொருள்களால் சோதனை, வயலுக்கும் ஓடைக்கும் களப்பயணம், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் தேர்வு. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்று மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோயிற்று. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்தது. 2002-இல் மாநில அரசு அதை மூடியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் அந்த மாவட்டம் பின்தங்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏகலவ்யா அந்தக் கணக்கை மறுத்தது. எனக்கு அந்தச் சர்ச்சையைவிட அதன் அடியில் இருக்கும் அனுமானம் முக்கியமாகப் படுகிறது. ஆராயப் பழகிய பிள்ளையை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வில் உட்காரவைத்து, குறைந்த மதிப்பெண் வாங்கினான் என்று பயிற்சியைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும் எதிர்வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு மாறாதவரை, அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தை வைத்து யாரும் சோதனை செய்யக் கூடாது. அதனால்தான் பாடத்திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே பாடத்திட்டத்தின் அதே அத்தியாயங்களுக்கு ஏரியை எடுத்துக்காட்டாக்கச் சொல்கிறேன்.

தமிழ் வாசகர் எழுப்பப்போகும் தடை இதைவிடக் கூர்மையானது. பேட்டையோடு இணைந்த படிப்பு என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வரும். அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். சரியான முடிவு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்குள் புத்தகப்பை இல்லாத பத்து நாட்கள் உள்ளூர் தச்சர், குயவர், தோட்டக்காரர்களிடம் பயில வேண்டும் என்றபோதும் அதே ஐயம் கிளம்பியது. ஐயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சர்வதேசப் பள்ளியின் பிள்ளை பானை வனைந்தால் படம் எடுத்து மாட்டுவார்கள், அரசுப் பள்ளிப் பிள்ளை வனைந்தால் ‘இவனுக்கு இது நன்றாக வருகிறதே’ என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொல்வதும் தொழிலை விசாரிக்கச் சொல்வதும் வேறு வேறு. பஜாரில் பூ விற்பவரின் மகள் பூக்கட்டப் பழக வேண்டியதில்லை. பூ எந்த ஊரிலிருந்து எந்த நேரத்துக்கு வருகிறது, ஒரு முழத்தின் விலை முகூர்த்த நாளில் ஏன் ஏறுகிறது, அதில் விவசாயிக்கு எவ்வளவு, கட்டியவருக்கு எவ்வளவு என்று வகுப்பு முழுவதும் கணக்குப் போட வேண்டும், அதிகாரியின் மகனும் சேர்ந்து. தன் வீட்டுத் தொழிலை யாரும் ஆராயக் கூடாது, அடுத்தவர் வீட்டுத் தொழிலைத்தான் ஆராயலாம் என்று ஒரு விதியே வைத்துவிடலாம்.

மொழிக்கு வருவோம், அல்சூரில் அதைத் தவிர்க்க முடியாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கோ உருதுவோ, பாடநூலில் ஆங்கிலம். கர்நாடக அரசு 1994-இல் தொடக்க வகுப்புகளைத் தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் நடத்த வேண்டும் என்றது. உயர்நீதிமன்றம் 2008-இலும், உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே மாதத்திலும் அதை ஏற்க மறுத்தன. பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை என்றாயிற்று. பெற்றோர் ஆங்கிலத்தைத் தேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, வேலைச் சந்தை அவர்களுக்கு வேறு எதையும் சொல்லவில்லை. ஆனால் கனடா நாட்டு ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் கவனித்த ஒன்று இங்கே உதவும்: புது மொழியில் பேச்சுப் பழக்கம் இரண்டாண்டில் வந்துவிடும், பாடத்தைச் சிந்திக்கும் மொழியாக அது மாற ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆங்கிலம் பேசும் நாட்டில், நாள் முழுவதும் அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கே அந்தக் கணக்கு. அப்படியானால் ஆறாம் வகுப்பு அல்சூர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது, சிந்திப்பது இன்னும் தமிழிலோ கன்னடத்திலோதான். ஏரிக்கரையில் முதியவரிடம் கன்னடத்தில் கேட்டு, நண்பனோடு தமிழில் வாதாடி, முடிவை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றுமே வேலை செய்யும். கன்னடம் நீர்த்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை: 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது, அது நியாயமே. ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் மொழியைவிட, ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் மொழி ஆழமாக இறங்கும்.

பேட்டையை வகுப்புக்குள் விட்டால் அதன் பகையும் கூடவே வருமே என்பது பள்ளி நிர்வாகங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம். ஏரியருகே நிறுவிய வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் துணியால் மூடிக் கிடந்தது. அதே 1991-இன் டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டித் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2009 ஆகஸ்ட் 9-இல் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி சிலையைத் திறந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இவை எல்லாம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒருபக்கமாகத் தெரியும். பள்ளி பேசாவிட்டால் அந்த ஒருபக்கமே நிலைக்கும். 2018-இல் உச்சநீதிமன்றம் காவிரி நீரில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கானது. ஒரு டி.எம்.சி. ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். அல்சூர்த் தமிழ்க் குடும்பத்தின் குழாயிலும் அந்த நீர்தான் வருகிறது. யாருக்குக் கோஷம் போடுவது என்று முடிவு செய்யும் முன், எட்டாம் வகுப்பு இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கட்டும்.

ஆசிரியருக்கு ஏது நேரம் என்பது மிச்சம். கணக்கெடுப்பு, தேர்தல் பணி, இணையத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகள் என அவர் தோளில் ஏற்கெனவே நிறைய இருப்பது உண்மை. ஆகவே பெரிய திட்டமாக வேண்டாம். ஆண்டுக்கு நான்கு அரைநாள் போதும்: ஜூனில் மழை பிடிக்கும்போது, விநாயகர் சிலைகள் கரைந்த பின், டிசம்பர்க் குளிரில், மார்ச் வெயிலில். அறிவியல், சமூக அறிவியல், கணித ஆசிரியர்கள் மூவரும் அந்த நான்கு நாட்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சாலையைக் கடக்கத் துணைக்கு வருவதும், ஏரியை முப்பது ஆண்டுகளாகப் பார்த்தவர்களை அழைத்து வருவதும் எஸ்.டி.எம்.சி. தாய்மார்களின் பொறுப்பு. கருவி என்றால் ஒரு வெப்பமானி, கயிறு, நீரின் தெளிவைப் பார்க்க வெள்ளைத் தட்டு, அளவுகளைக் குறிக்கத் தடித்த அட்டை போட்ட நோட்டு. அடுத்த ஆண்டு வரும் ஏழாம் வகுப்பு முந்தைய எண்களைத் தவறென்று நிறுவப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். அதற்காக அந்த நோட்டை மட்டும் யாருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் பள்ளி அலமாரியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.